பின்விளக்குக்கு ஒற்றை ஒயர்

ஆம்பூர்
18.1.1984

சாராவுக்கு ஆபேல் எழுதுவது.

நீ எண்ணூருக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்று, அங்கே உனக்கு இடம் கொடுத்த ஞானசுந்தரி சித்தி கார்டு போட்டிருக்கிறார்கள். நீ போடவில்லை. வேலை ஜாஸ்தியாக இருக்கும். பெரிய இடத்து வேலை.

நான் பொறாமைப்படுவதாக நீ பஸ் ஏறும்போது சொன்னாய். பஸ் கிளம்பிவிட்டதால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை, இப்போது சொல்கிறேன். பொறாமை இல்லை, அவமானம். என் பக்கத்தில் நின்று ஒருமுறை யோசித்துப் பார். முதலாளி ரஃபி அகமது சாயபு எண்ணூரில் ஒரு உல்லாசப் படகு வாங்கியிருக்கிறார், ஊரைவிட்டுப் போகிற வெள்ளைக்காரர் ஒருவர் விற்றது, அதில் ஒயரிங் மொத்தமும் புதிதாகப் போடவேண்டும் என்று நம் தோல் டேனரி முழுக்கப் பேச்சு. டேனரிக்கு எலக்ட்ரீஷியன் யார்? நான். அதற்கு முன்னால் பள்ளிகொண்டா ரோட்டில் லாரிகளுக்கெல்லாம் ஒயரிங் செய்தவன் யார்? அதுவும் நான். எனக்குத்தான் வேலை என்று தோல் சுற்றுகிற டிரம் யார்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஈரத்தில் வழுக்காத கேன்வாஸ் ஷூ வாங்கியது உனக்கே தெரியும். அப்புறம் சாயபு என்னைக் கூப்பிட்டு, "ஆபேல், உன் சம்சாரம் கல்யாணத்துக்கு முன்னாடி வேலூர் ஆஸ்பத்திரில மிஷின் ரிப்பேர் பாத்துச்சில்ல, அந்தப் பொண்ண அனுப்பு" என்கிறார்.

காரணம் எனக்கும் புரிகிறது. சாயபு வீட்டு சுகரா பேகம் அம்மாவும் பெண்பிள்ளைகளும் கோஷா. அவர்கள் படகில் இருக்கும்போது கேபினுக்குள் வெளி ஆண் போகக்கூடாது. மிஷினும் பேட்டரியும் கேபினுக்குள்ளேதான் இருக்கின்றன. அதனால் கூடவே போய்ப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் மெக்கானிக் வேண்டும். நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தை டிரம் யார்டில் ஒருத்தருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. "இன்னா ஆபேல், ஷூ வச்சே பழசாய்டப் போவுது" என்கிறார்கள்.

பன்னிரண்டு வோல்ட்தானே. நான் நானூற்று நாற்பதில் கை வைக்கிறவன். உன் படகு கரண்டைத் தொட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. சீக்கிரம் முடித்துவிட்டு வா. வீட்டில் உலை வைக்க ஆளில்லை.

ஆபேல்

*

எண்ணூர்
26.1.1984

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்டால் அதற்கும் கோபித்துக்கொள்வீர்கள் போலிருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். கார்டு போடாதது தப்புதான். கை முழுக்க கிரீஸ், பேனா பிடித்தால் வழுக்குகிறது.

படகு வெள்ளையாக, அழகாக இருக்கிறது. உடம்பு முழுக்க ஃபைபர், மரமும் இல்லை இரும்பும் இல்லை. கேபினில் எதிரெதிரே இரண்டு மெத்தைப் பலகை, ஜன்னலுக்கு பேகம் அம்மா தன் கையால் தைத்த திரை. தரைப்பலகையைத் தூக்கினால் இன்ஜின். உப்புப் போட்ட தோல் குவித்திருக்கிற கொட்டகையில் ஸ்விட்செல்லாம் எப்படிப் பச்சை பூத்துப்போகும் என்று எனக்குக் காட்டினீர்கள் அல்லவா? இங்கே காற்றே அப்படி. அதனால் ஒவ்வொரு இணைப்புக்கும் ஈயம் வைத்து, மேலே கிரீஸ் பூசி மூடுகிறேன். அது உங்களிடம் கற்றதுதான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆழம் காட்டுகிற மிஷின் ஒன்று இருக்கிறது. அடியிலிருந்து சத்தம் அனுப்பி, அது கடல்தரையில் பட்டுத் திரும்பி வருவதை வைத்துக் காகிதச் சுருளில் கோடு போடும். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் பிரித்துப் போட்ட ஈ.சி.ஜி. மிஷினுக்கு இது சொந்தக்காரன். ரேடியோவுக்கு அரசாங்க அனுமதி வரவில்லை, ஒயர் மட்டும் இழுத்து வைத்திருக்கிறேன்.

ஒரு சங்கடம் இருந்தது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் பேட்டரி ஒரு நொடி தொய்ந்து, ஆழ மிஷின் செத்து எழுந்தது. அதனால் நாங்கள் இரண்டு பேட்டரி வைத்துவிட்டோம். ஒன்று இன்ஜினுக்கு மட்டும். மற்றது மிஷினுக்கும் விளக்குக்கும். அந்தோணிதான் இன்னொரு பேட்டரிக்குப் பெட்டி செய்துகொடுத்தார். அவர் படகு டிரைவர், எண்ணூர்க்காரர், வெள்ளைக்காரர் காலத்திலிருந்து இதை ஓட்டுகிறவர். ஒவ்வொரு சாமானுக்கும் போக ஒரு ஒயர், திரும்ப ஒரு ஒயர், இரண்டையும் நேரே பேட்டரிக்கே கொண்டுவரவேண்டும் என்று அந்தோணியும் சொன்னார், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கடை பிரியாணியே சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாரா

*

ஆம்பூர்
2.2.1984

சாராவுக்கு,

கடிதம் கிடைத்தது. "நாங்கள் இரண்டு பேட்டரி வைத்துவிட்டோம்." யார் யார்?

அந்தோணி பெட்டி செய்தார், அந்தோணி சொன்னார். நான் உன்னைப் படகு வேலைக்கு அனுப்பினேனா, அந்தோணியைப் பற்றிச் செய்தி சேகரிக்க அனுப்பினேனா? அவனுக்கு வயது என்ன? கல்யாணம் ஆகிவிட்டதா? அண்ணன் என்று ஒரு வார்த்தை கூடச் சேர்த்தால் பேனா தேய்ந்துவிடுமா?

வேலை விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு ஒயர் என்பது வெட்டிச் செலவு, வெட்டி வேலை. லாரியில் எப்படிச் செய்கிறோம்? விளக்குக்கு ஒரு ஒயர் போகும். திரும்புவதற்கு ஒயர் கிடையாது, பக்கத்தில் இருக்கிற இரும்பில் முடுக்கிவிடுவோம், வண்டி உடம்பே கரண்டைத் திருப்பிக் கொண்டுபோகும். நான் அப்படி ஒயரிங் செய்த லாரிகள் இன்றைக்கும் கல்கத்தா போய் வருகின்றன. படகில் இரும்பு இல்லாவிட்டால் பித்தளை இருக்குமே. இன்ஜின் இருக்கிற இடத்தில் உலோகத்துக்குப் பஞ்சமா? படகு ஓட்டுகிறவன் படகு ஓட்டட்டும், ஒயரிங்கைப் பற்றி என் மனைவிக்கு அவன் பாடம் எடுக்கவேண்டாம்.

எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. இதை எழுதக்கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். ஒரே ஒரு விளக்கையாவது நான் சொன்னபடி போடு. அந்தப் படகில் என் பேச்சுக்கும் ஒரு இடம் இருக்கட்டும்.

ஆபேல்

*

எண்ணூர்
12.2.1984

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் கோபம் வந்தது. சித்தி பாடம் எடுக்கப் பள்ளிக்கூடம் போனபிறகு இன்னொருமுறை படித்தேன். சோறு இறங்கவில்லை என்ற இடத்தில் கோபம் போய்விட்டது. அடுத்த வரி படித்ததும் பாதி திரும்பி வந்தது.

நேற்று பேகம் அம்மாவும் இரண்டு பெண்களும் முதல்முறையாகப் படகில் வந்தார்கள். உங்களுக்குத் தெரியுமா, பேகம் அம்மா பிறந்த ஊர் பழவேற்காடு. வாப்பா வீட்டில் படகுகள் இருந்தனவாம். கல்யாணமாகி ஆம்பூர் வந்த பிறகு கடலைப் பார்த்ததே இல்லை என்று சொன்னார்கள். நான் ஆழ மிஷினைப் போட்டேன். காகிதத்தில் கடல்தரை கோடாக வர ஆரம்பித்தது, மேடும் பள்ளமுமாக. அந்த அம்மா முகத்திரையைத் தூக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பொறந்ததுலேர்ந்து மேல மட்டுந்தான் பாத்திருக்கேன் சாரா. இன்னிக்குத்தான் அடி தெரிஞ்சுது" என்றார்கள். அத்தான், எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வேலையை விட்டபிறகு ஒரு மிஷின் என் கையால் சரியாகி, அதைப் பார்த்து ஒருத்தர் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. வீட்டில் நான் சரிசெய்த மிக்ஸியை ஊருக்கெல்லாம் நீங்கள் சரிசெய்ததாகச் சொன்னீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்டதைச் செய்துவிட்டேன். படகின் பின்விளக்கை உங்கள் முறைப்படி போட்டிருக்கிறேன். படகைக் கட்டிப்போட்டிருக்கும்போது மீன்பிடி படகுகள் வந்து மோதாமல் இருக்க இரவெல்லாம் எரிகிற விளக்கு அது. போக ஒரு ஒயர். மறுமுனையைப் பக்கத்தில் இருந்த பித்தளைக் குழாய்மூக்கில் முடுக்கினேன். இன்ஜினைக் குளிரவைக்கக் கடல்தண்ணீரை உள்ளே இழுக்கிற குழாய் அது, படகின் அடியில் இருக்கிறது. அந்தோணி பார்த்துவிட்டு, "வேணாமே சாரா" என்றார். என் வீட்டுக்காரர் சொன்னது, இப்படியே இருக்கட்டும் என்றேன். ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்துவிட்டு மேலே போய்விட்டார்.

விளக்கு எரிகிறது. கொஞ்சம் மங்கல்தான், ஆனால் எரிகிறது. தினமும் இருட்டியதும் சித்தி வீட்டு மாடியிலிருந்து பார்க்கிறேன். இத்தனை விளக்குக்கு நடுவில் ஒன்று உங்களுடையது.

அந்தோணியின் வயதை நான் கேட்கவில்லை.

சாரா

*

ஆம்பூர்
27.2.1984

சாராவுக்கு,

விளக்கு எரிகிறதல்லவா? அவ்வளவுதான் ஒயரிங். மங்கலுக்குக் காரணம் பேட்டரியாக இருக்கும், டிஸ்டில் வாட்டர் ஊற்றிப் பார். டிரம் யார்டில் சொன்னேன், சாயபு படகில் பின்விளக்கு என் டிசைன் என்று. இப்போது ஷூவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆனால் இன்னொன்று காதில் விழுந்தது. ஆபீஸ் கிளார்க் சுப்பராயன் சாயபுவோடு எண்ணூர் வந்திருந்தான் அல்லவா? அவன் கேண்டீனில் வைத்து எல்லோர் முன்னாலும் சொல்கிறான்: "சாராம்மா படகு மேல உக்காந்துனு, அந்த டிரைவரோட என்னமா சிரிக்குது." நான் டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். என்னோடு நீ கடைசியாக எப்போது சிரித்தாய் என்று மத்தியானம் முழுக்க மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

உன்னை நிரந்தரமாக அங்கேயே வைத்துக்கொள்ளப் போவதாகவும் சாயபு சொன்னாராம். என்னைக் கேட்காமலேயா? ஒயரிங் முடிந்துவிட்டது. இனி அங்கே உனக்கு என்ன வேலை? ஈஸ்டருக்கு நீ வீட்டில் இருக்கவேண்டும். வரவில்லை என்றால் நான் வந்து கூட்டிக்கொண்டு போகமாட்டேன், பேசாமல் இருந்துவிடுவேன். நான் பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

வயதைக் கேட்கவில்லை என்றால் தெரிந்துகொள்ள ஆசையில்லை என்று அர்த்தமா, முன்னாலேயே தெரியும் என்று அர்த்தமா?

ஆபேல்

*

எண்ணூர்
10.4.1984

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாதது வேண்டுமென்றே. இப்போது எழுதுவதும் உங்களுக்குப் பதில் இல்லை. நடந்தது ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் சுப்பராயன் வாயால் கேட்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

சனிக்கிழமை பேகம் அம்மாவும் பெண்களும் நானும் படகில் போனோம். பிரியாணிச் சட்டியோடு. முகத்துவாரத்தைத் தாண்டுகிற இடத்தில் தரைவிரிப்பு நனைந்திருப்பதைச் சின்னப் பெண் காட்டினாள். பலகையைத் தூக்கினேன். கீழே தண்ணீர். பின்பக்கம் அந்தப் பித்தளைக் குழாய்மூக்கின் ஓரத்திலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. மஞ்சளாக இருந்த பித்தளை வெளிறிச் சிவந்து கிடந்தது. இறுக்கலாம் என்று கை வைத்தேன், ரஸ்க் மாதிரி பொடிந்து கையோடு வந்துவிட்டது. அதற்கப்புறம் வந்தது ஒழுக்கு இல்லை அத்தான், கடல்.

உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு கத்தினேன். அந்தோணி வெளியே ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்தபடி, முகத்தை உள்ளே திருப்பாமலே, "இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு" என்று கேட்டார். உள்ளே வரவில்லை. வரக்கூடாது என்பது சாயபுவின் உத்தரவு. சக்கரத்தை விட்டாலும் படகு மணல்திட்டில் ஏறிவிடும். பேகம் அம்மாதான் எழுந்தார்கள். வெளியே போய்ச் சக்கரத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, "நீங்க உள்ள போங்க அந்தோணி. உயிரு இருந்தாத்தான் கோஷா" என்றார்கள்.

பிரியாணி கிளறுகிற மர அகப்பையின் காம்பில் பேகம் அம்மாவின் துப்பட்டாவைச் சுற்றி, அந்த ஓட்டையில் வைத்து நானும் அவரும் அடித்து இறக்கினோம். அவர் கையும் என் கையும் ஒரே ஓட்டையில் இருந்தன. மறைக்காமல் எழுதுகிறேன், நீங்கள் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் நான் நினைத்தது அந்தச் சின்னப் பெண்ணுக்கு நீச்சல் தெரியுமா என்பது ஒன்றைத்தான்.

கரைக்கு வந்த பிறகு காரணம் தெரிந்தது. நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். லாரிக்கு உடம்பு முழுக்க இரும்பு, கரண்ட் அதன் வழியாகத் திரும்பிவிடும். இந்தப் படகின் உடம்பு ஃபைபர். அந்தக் குழாய்க்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருப்பது ரப்பர் ஹோஸ். கரண்ட் திரும்ப ஒரே ஒரு வழிதான் இருந்தது, கடல்தண்ணீர். குழாயிலிருந்து தண்ணீரில் இறங்கி, தண்ணீருக்குள் சுற்றுகிற இன்ஜின் விசிறிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. போகும்போதெல்லாம் பித்தளையை அரித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது, ஒவ்வொரு இரவும், விளக்கு எரிந்த நேரமெல்லாம். நீங்கள் சிரிக்கிற அதே பன்னிரண்டு வோல்ட். விளக்கு எரிந்ததால் சரியாக இருக்கிறது என்று நானும் நினைத்துவிட்டேன். உங்களுக்காக எரிகிறது என்று மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரமாக இருக்கிறது.

சாயபு வந்து முதலில் அந்தோணியைத்தான் பிடித்தார். படகின் அடியைப் பார்ப்பது அவர் வேலை. இன்றோடு நின்றுகொள் என்றார். அந்தோணிக்குக் காரணம் தெரியும். பச்சை பூத்த ஒயர் முனை அவர் கண்ணெதிரே தொங்கியது. தலையைக் குனிந்துகொண்டு நின்றாரே தவிர வாயைத் திறக்கவில்லை. நான்தான் சொன்னேன், ஒயரை அங்கே முடுக்கியது என் கை என்று. உங்கள் பெயரைச் சொல்லவில்லை. உங்களைக் காப்பாற்ற இல்லை. தப்பு என்று தெரிந்தும் செய்தது நான்தான்.

சாரா இல்லாமல் நான் படகில் ஏறமாட்டேன் என்று பேகம் அம்மா திரைக்குப் பின்னாலிருந்து சொல்லிவிட்டார்கள். கடைசியில் சாயபு, "லைசென்ஸ் உள்ளவன் ஒருத்தன் வந்து எல்லாத்தையும் பாத்துட்டுச் சொல்லட்டும். ஆபேல வரச்சொல்றேன்" என்றார்.

நீங்கள் ஆசைப்பட்ட அழைப்பு வந்துவிட்டது. வாருங்கள். ஷூவையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஈஸ்டருக்கு நான் வரமாட்டேன்.

சாரா

*

ஆம்பூர்
14.4.1984

சாராவுக்கு,

நேற்று சாயபு கூப்பிட்டார். போய் உன் சம்சாரம் செய்த வேலையைப் பார்த்துச் சொல் என்றார். சரி என்று சொல்லிவிட்டுக் கதவு வரைக்கும் வந்துவிட்டேன். அப்புறம் திரும்பிப் போய், அந்த விளக்கு நான் சொல்லிப் போட்டது, இரண்டு ஒயர்தான் சரி என்று அவள் எழுதியிருந்தாள், டிரைவரும் வேண்டாம் என்றார், நான்தான் விடவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் விடவில்லை என்று கேட்டார். அந்த டிரைவர் மேல் பொறாமை என்றேன். சுப்பராயன் பக்கத்தில்தான் இருந்தான். இருக்கட்டும்.

சாயபு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "என் பொண்ணுங்க அந்தப் படகுல இருந்தாங்க ஆபேல்" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "போ. ரெண்டாவது ஒயர நீயே போட்டுட்டு வா" என்றார்.

ஈஸ்டர் ஆராதனைக்கு எண்ணூர் கோயிலுக்கே வருகிறேன். உன் பக்கத்தில் உட்காரலாமா என்று தெரியவில்லை. உனக்கு நீச்சல் தெரியாதே சாரா. அதை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமில்லை.

அந்தோணி என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

ஆபேல்

*

ஆம்பூர்
28.4.1984

அன்புள்ள சாராவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வந்ததும் முதல் வேலையாக அந்தோணிக்கு ஒரு ஜோடி நல்ல செருப்பு எடுத்து வைத்திருக்கிறேன், சாயபுவின் கார் டிரைவர் அங்கே வரும்போது கொடுத்தனுப்புகிறேன். அளவு சரியாக இருக்கும், என் ஷூவைப் போட்டுப் பார்த்தார் அல்லவா?

இப்படி ஒரு மனிதர் இருப்பார் என்று நீ எழுதவே இல்லை. ஆள் சினிமாவில் நடிக்கலாம் போல இருக்கிறார், அதையும் நீ எழுதவில்லை. நான் போய் நின்றதும் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க, லாரிக்காரரே" என்றார் பார், அங்கேயே எனக்கு உயிர் வந்துவிட்டது. இரண்டாவது ஒயரை நான் இழுக்க இழுக்க அவர்தான் டார்ச் பிடித்தார். என் இணைப்பைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக ஈயம் வைக்கிறவரை நான் பார்த்ததில்லை என்று சொன்னது உன் காதில் விழுந்ததா? அந்த டீசல் இன்ஜினை அவர் பிரித்துக் காட்டியபோது நான் மணி போனதே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். டிரம் யார்டில் எல்லோருக்கும் சொன்னேன். எண்ணூரில் எனக்கு ஒரு தோஸ்த் இருக்கிறார் என்று.

வால்வு சத்தம் குறைந்ததா என்று அவரிடம் கேட்டு எழுது. ஆடியில் லீவு போட்டு வருகிறேன், நானும் அவரும் இன்ஜினை முழுசாக இறக்கிப் பார்ப்பதாகத் திட்டம். வேறு விசேஷம் இல்லை. நீ அங்கேயே இருந்து வேலையைப் பார். அந்தோணியிடம் என் அன்பைச் சொல்.

ஆபேல்

*

எண்ணூர்
5.5.1984

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கவரின்மேல் என் பெயர் இருந்ததால் பிரித்தேன்.

வால்வு சத்தம் குறைந்துவிட்டது. பின்விளக்கு பளிச்சென்று எரிகிறது, மாடியிலிருந்து பார்த்தால் இப்போது தனியாகத் தெரிகிறது. பேகம் அம்மா சாயபுவிடம் சொல்லிச் சக்கரத்தைப் பிடிக்க அனுமதி வாங்கிவிட்டார்கள், முகத்துவாரம் தாண்டியதும் அவர்கள்தான் ஓட்டுகிறார்கள். என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். அந்தோணியை இனிமேல் அண்ணன் என்றே கூப்பிடுகிறேன். நீங்கள் மச்சான் என்று கொஞ்சிக்கொள்ள வசதியாக இருக்கும்.

மூன்று மாதம் கழித்து எண்ணூருக்கு வந்தீர்கள். இரண்டு நாள் இருந்தீர்கள். அந்த இரண்டு நாளும் தரைப்பலகைக்குக் கீழே இருந்தீர்கள். மேலே நான் மீன்குழம்புச் சட்டியோடு உட்கார்ந்திருந்தேன். கீழேயிருந்து இரண்டுபேரும் சிரித்த சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னோடு நீங்கள் கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தீர்கள் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் நினைவுக்கு வரவில்லை.

செருப்பு வந்தது. கொடுத்துவிட்டேன். எனக்கும் ஒன்று வந்திருக்கிறதோ என்று பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உங்கள் அன்பை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஜனவரியில் சீக்கிரம் வா என்றீர்கள், பிப்ரவரியில் ஈஸ்டருக்கு வா என்று உயிரை எடுத்தீர்கள். இந்தக் கடிதத்தில் எப்போது வருகிறாய் என்று கேட்கவே இல்லை. அங்கேயே இருந்து வேலையைப் பார் என்று எழுதிவிட்டீர்கள். நான் வேண்டும் என்று நினைத்ததும் அதைத்தான். கையில் கிடைத்த பிறகு சித்தி கண்ணில் படாமல் மாடிக்குப் போய் அழுதேன்.

அடுத்த கடிதத்தில் கேளுங்கள் அத்தான். வரமாட்டேன் என்று எழுதுகிறேன். இருந்தாலும் கேளுங்கள்.

சாரா